யாழ்ப்பாணத்தில முதல் வேலை தேடுறவைக்கு: சிவி தொடக்கம் ஈபிஎஃப் வரைக்கும்

போன கிழமை சித்தியின்ர மகன் ஃபோன் எடுத்தான். ஏ.எல் முடிச்சு ஒரு வருச ஐரி டிப்ளோமாவும் செய்துபோட்டு நாலு மாசமா வேலை தேடுறான், 37 இடத்துக்கு சிவி அனுப்பியாச்சாம், ரெண்டே ரெண்டு இடத்தாலதான் பதில் வந்ததாம், அதில ஒண்டு "ரெஜிஸ்ட்ரேசனுக்கு 15,000 போடுங்கோ" எண்ட பதில். "அக்கா, நான் எதில பிழை விடுறன்?" எண்டு கேட்டான். சிவியை அனுப்படா பாப்பம் எண்டன். திறந்து பாத்தா மூண்டாம் பக்கத்தில, இவனுக்குச் சம்பந்தமே இல்லாத சுன்னாகத்துப் பிள்ளை ஒண்டின்ர விலாசம் கிடக்கு. கம்பஸடியில ஒரு கொமியூனிகேசனில, அதுதான் ரைப்பிங், பிரிண்ட் எடுக்கிற கடையில, குடுத்து ரைப் பண்ணினவனாம். அந்தக் கடைக்காரப் பெடியன் முந்தி வந்த ஆளின்ர ஃபைலைத் திறந்து அதுக்கு மேலயே பேரை மாத்தி மாத்தி அடிச்சுக் குடுக்கிறவன், ஒரு இடத்தில மாத்த மறந்துபோனான். அந்த விலாசத்தோட அது 37 இடத்துக்குப் போயிருக்கு.

நான் ரவுணுக்குள்ள ஒரு நடுத்தரமான ஒஃபிஸில ஆள் எடுக்கிற மேசையில ஏழு வருசமா இருக்கிறன். அவனுக்கு அண்டைக்கு ரெண்டு மணித்தியாலம் ஃபோனில சொன்னதைத்தான் இஞ்ச எழுதுறன், வேற பிள்ளையளுக்கும் உதவட்டும்.

ஒண்டை முதல்லயே சொல்லிப்போடுறன். முந்தி வேலை எண்டா ஆரின்ர மகன், எந்தப் பள்ளிக்கூடம், ஆர் சொல்லிவிட்டது, இவ்வளவும்தான். இப்பவும் அது முழுசாப் போகேல்லை, ஆனா இப்ப மேசைக்கு அங்கால இருக்கிற ஆள் கேக்கிறது "செய்ததைக் காட்டு" எண்டு. சரி, காட்டுவம். ஆனா மேசைக்கு இஞ்சால இருக்கிற நீங்களும் அதையே திருப்பிக் கேக்கவேணும், "தாறதை எழுத்தில காட்டுங்கோ" எண்டு. எங்கட பிள்ளையள் முதலாவதில கொஞ்சம் தேறியிட்டினம், ரெண்டாவதுக்கு இன்னும் வாய் திறக்கினமில்லை.

1. வரிசையில நிண்டுகொண்டே வேற வேலையும் பாருங்கோ

"கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில (அரசாங்கத்தில) மேய்க்கவேணும்" எண்ட கதை எங்கட வீடுகளில இன்னும் சாகேல்லை. பென்சன் இருக்கு, லீவு இருக்கு, கலியாணப் பேச்சில மதிப்பும் இருக்கு, ஆசைப்படுறது பிழையில்லை. ஆனா 2017ல கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) முன்னால பட்டதாரியள் அரசாங்க வேலை கேட்டு மாசக்கணக்கா இருந்து போராடினதையும் நாங்கள் பஸ்ஸுக்குள்ள இருந்து பாத்துக்கொண்டு போனனாங்கள்தானே. கெசற்றில (அரசாங்க வர்த்தமானியில) வேலை வந்தா போடுங்கோ, சோதினை எடுங்கோ, ஆனா அது வருமட்டும் சும்மா இருக்காதேங்கோ. சிவியில ரெண்டு வருசம் வெறுமையாக் கிடந்தா நாங்கள் கட்டாயம் கேப்பம். அந்த நேரத்தில ரியூசன் குடுத்தனான், மாமாவின்ர கடைக்குக் கணக்கு எழுதினனான், அம்மம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு திரிஞ்சனான், எதுவெண்டாலும் உள்ளதைச் சொல்லுங்கோ. மறைச்சாத்தான் பிரச்சினை.

2. காட்டுறதுக்கு ஏதாவது கையில வைச்சிருங்கோ

ஐபிஎம், அக்செஞ்சர் மாதிரிப் பெரிய கம்பனியளே அமெரிக்காவில கனக்க வேலைக்கு டிகிரி கட்டாயம் எண்டதை எடுத்துப்போட்டினம், என்ன செய்யத் தெரியும் எண்டுதான் பாக்கினம். அந்தக் காத்து கொழும்புக்கு வந்து இப்ப இஞ்சயும் மெல்ல அடிக்குது. எங்களிட்ட டிசைனர் வேலைக்கு வந்த ஒரு பிள்ளை டிகிரி இல்லை, ஆனா ஊர்க் கோயில் திருவிழா நோட்டீஸ், அயலுக்க ஒரு பேக்கரியின்ர மெனு, ஒரு பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ் எண்டு செய்த ஆறு டிசைனை ஃபோனில காட்டிச்சு. அழைப்பிதழில எழுத்து நெருக்கமா இருக்கெண்டு நான் சொல்ல, "ஓம் அக்கா, அவையள் சித்தப்பாமார் எல்லாற்ற பேரும் வேணுமெண்டிட்டினம்" எண்டு சொல்லிச் சிரிச்சுது. கஸ்ரமரோட மல்லுக்கட்டின அனுபவம் இருக்கெண்டு எங்களுக்கு அந்த ஒரு வசனத்திலயே விளங்கியிட்டுது. எடுத்திட்டம்.

கணக்கு வேலையெண்டா ஏஏரி (கணக்கியல் கோர்ஸ்) படிச்சுக்கொண்டிருக்கிறன் எண்டு சொல்லுறதோட நிக்காமல் நீங்களே போட்ட ஒரு எக்ஸெல் ஷீற்றைக் கொண்டு வாங்கோ. கோடிங் எண்டா கிட்ஹப்பில (எழுதின கோடைப் போட்டு வைக்கிற தளம்) ரெண்டு புரொஜெக்ட், ரெண்டே காணும், ஆனா நீங்களே எழுதினதா இருக்கவேணும். யாழ் ஐரி ஹப் 2012ல தொடங்கின யாழ் கீக் சலஞ்ச் மாதிரிப் போட்டியளில சேர்ந்தா வெல்லாட்டியும் பரவாயில்லை, ஒரு ரீமுக்குள்ள இருந்து ஒண்டைச் செய்து முடிச்சிருக்கிறியள் எண்டு சொல்ல ஒரு கதை கிடைக்கும்.

கைவேலை தெரிஞ்சவைக்கு ஒண்டு. மேசன், மெக்கானிக், வயறிங், வெல்டிங் எண்டு வருசக்கணக்காச் செய்து சேர்ட்டிபிகேட் இல்லாமல் நிக்கிற ஆக்கள் எங்கட பக்கம் கனபேர். முன் அனுபவத்தை வைச்சே சோதிச்சு என்விகியூ (தேசிய தொழில் தகைமை) சேர்ட்டிபிகேட் தாற முறை ஒண்டு இருக்கு, முழுக் கோர்ஸும் திரும்பப் படிக்கத் தேவையில்லை. தொழிற்பயிற்சி அதிகார சபையிலயோ, தொழில் பழகுநர் பயிற்சி குடுக்கிற நைற்றாவிலயோ போய்க் கேளுங்கோ. புதுசாப் படிக்கப் போறவைக்குக் கிளிநொச்சி அறிவியல்நகரில ஜேர்மன் ரெக் எண்ட தொழிற்பயிற்சி நிலையம் இருக்கு. வெளிநாடு போற யோசனை இருக்கிறவைக்கும் என்விகியூ இருந்தா வெறுங்கையோட போறதை விட எவ்வளவோ மேல்.

3. சிவியை நீங்களே அடியுங்கோ

கொமியூனிகேசன் கடையில பிரிண்ட் எடுங்கோ, ஃபோட்டோக் கொப்பி எடுங்கோ, சிவியை மட்டும் அங்க அடிக்கக் குடுக்காதேங்கோ. ஃபோனிலயே கூகிள் டொக்ஸில அடிக்கலாம்.

ரெண்டு பக்கத்துக்கு மேல போகவேண்டாம், புதுசா வாறவைக்கு ஒரு பக்கமே காணும். தேப்பன்ர தொழில், சமயம், உயரம், நிறை இதொண்டும் தேவையில்லை, இது கலியாணக் குறிப்பில்லை. பேர், ஃபோன் நம்பர், ஒழுங்கான ஒரு மெயில் விலாசம் ("கிங் ஒஃப் வல்வெட்டி" மாதிரி ஒரு மெயிலில இருந்து கணக்காளர் வேலைக்கு விண்ணப்பம் வந்திருக்கு, பகிடியில்லை), என்ன செய்யத் தெரியும், எங்க செய்தனியள், படிப்பு, உறுதிப்படுத்த ரெண்டு பேர். அந்த ரெண்டு பேரிட்டையும் முதல் கேட்டுப்போட்டுப் போடுங்கோ, ஏனெண்டா இப்ப நாங்கள் உண்மையா ஃபோன் எடுக்கிறனாங்கள். ஒருக்கா ஒரு ரிரயர்ட் அதிபருக்கு எடுக்க அவர் "ஆரெண்டு நினைவில்லைப் பிள்ளை, ஆனா நல்ல பிள்ளையாத்தான் இருக்கும்" எண்டார்.

பெரிய கம்பனியளிலயும் வெளிநாட்டு ரிமோட் வேலையளிலயும் சிவியை முதல் வாசிக்கிறது கனக்க இடத்தில ஒரு சொஃப்ட்வெயார், மனுசர் பிறகுதான். அது ரெண்டு கொலம், பெட்டி, கட்டம், படம் எண்டு வடிவு காட்டி வைச்சிருந்தாக் குழம்பிப்போகும். அதால ஒரே கொலத்தில, நேரா, சாதாரணமா எழுதுங்கோ, விளம்பரத்தில என்ன சொல்லால வேலையைச் சொல்லியிருக்கினமோ அந்தச் சொல்லு உங்களுக்கு உண்மையாப் பொருந்தினா அதையே போடுங்கோ. எங்களை மாதிரி யாழ்ப்பாணத்துச் சின்ன ஒஃபிஸுகளில அந்த சொஃப்ட்வெயார் ஒண்டுமில்லை, நான்தான் இருந்து வாசிக்கிறன், ஆனா சோடனையில்லாத சிவி எனக்கும் சுகம்தான்.

சாட்ஜிபிடியால எழுதலாமோ எண்டு எல்லாரும் கேக்கினம். ஆங்கிலப் பிழை திருத்த வடிவாப் பாவியுங்கோ. ஆனா முழுக்க அதையே எழுத விட்டா என்ன நடக்குதெண்டா, ஒரே வேலைக்கு வந்த ஐம்பது விண்ணப்பத்தில இருபதின்ர முதல் வசனம் ஒரே மாதிரி இருக்குது, எல்லாரும் "பெருவிருப்போடு உழைக்கும், முடிவுகளை நோக்கிய" ஆக்கள். அதுக்கு நடுவில ஒரு பிள்ளை "ரெண்டு வருசம் அப்பாவின்ர ஹாட்வெயார் கடையில ஸ்ரொக் பாத்தனான், 400 சாமானுக்கு மேல நானே எக்ஸெலில ஏத்தினனான்" எண்டு எழுதியிருந்தா நான் ஆருக்கு முதல் ஃபோன் எடுப்பன்?

4. எங்க தேடுறது

டொப்ஜொப்ஸ், லிங்க்ட்இன் ரெண்டும் கொழும்பு வேலைக்கும் ரிமோட் வேலைக்கும். உள்ளூர் வேலைக்குப் பேஸ்புக் குரூப், வாட்ஸ்அப் குரூப், உதயன் பேப்பர் விளம்பரம், பிறகு கடைக் கண்ணாடியில ஒட்டியிருக்கிற "வேலைக்கு ஆள் தேவை". கடைசியாச் சொன்னதைக் குறைவா நினைக்காதேங்கோ, இஞ்ச இன்னும் கனக்க வேலை ஒன்லைனுக்கே வாறேல்லை.

தெரிஞ்ச ஆக்கள் மூலமாப் போறது வெக்கமில்லை. உலகம் முழுக்கக் கம்பனியள் தங்கட ஸ்ராஃபிட்டை "உங்களுக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கோ" எண்டு கேட்டு, ஆளைக் கொண்டு வந்தா போனஸும் குடுக்கினம், அதுக்கு ரெஃபரல் எண்டு ஒரு ஸ்ரைலான பேர், அவ்வளவுதான். வித்தியாசம் என்னெண்டா, ரெஃபரல் உங்களை இண்டர்வியூ வாசல்வரைதான் கொண்டுபோய் விடும். "சொல்லிவிட்டிருக்கு" எண்ட தெம்பில ஒண்டும் தயார் பண்ணாமல் வாற பிள்ளையளை நான் மாசத்துக்கு ஒண்டாவது காணுறன்.

ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ: எந்த இடம், எண்டைக்கு அனுப்பினது, எந்த வேலை, என்ன பதில். இல்லாட்டி நாங்கள் ஃபோன் எடுக்கேக்க "எந்தக் கம்பனி எண்டு சொன்னீங்கள்?" எண்டு கேட்டு நிப்பியள். பதில் வராட்டி ஒரு கிழமையால ஒருக்கா மரியாதையா மெயில் போடுங்கோ, அதுக்கும் வராட்டி விட்டுட்டு அடுத்ததைப் பாருங்கோ. பதிலே போடாமல் விடுறது இப்ப எல்லா இடமும் பழக்கமாப் போச்சு, ஆள் எடுக்கிற எண்ணமே இல்லாமல் விளம்பரம் போடுறவையும் இருக்கினம். எங்கட ஒஃபிஸும் எல்லாருக்கும் பதில் போடுறதில்லை, அது எங்கட பிழைதான், ஒத்துக்கொள்ளுறன்.

5. காசு கேட்டா ஃபோனை வையுங்கோ

வேலை தாறவர் உங்களுக்குத்தான் காசு தரவேணும். ரெஜிஸ்ட்ரேசன், ரெயினிங், யூனிஃபோர்ம், லாப்டொப் டிப்போசிற், என்ன பேர் சொன்னாலும் சேரமுதல் காசு கேட்டா அது வேலையில்லை. டெலிகிராமில "வீடியோவுக்கு லைக் போடுங்கோ நாளுக்கு 5,000" எண்டு வாறதும் அப்பிடித்தான், முதல் நாள் 300 ரூபா உண்மையா அனுப்புவான், அந்தச் சந்தோசத்தில நீங்கள் மூண்டாம் நாள் 30,000 போடுவியள்.

வெளிநாட்டு வேலையெண்டா இன்னும் கவனம். தாய்லாந்தில கொம்பியூட்டர் வேலை, டொலரில சம்பளம் எண்டு சொல்லிக் கூட்டிக்கொண்டுபோய் எல்லையால மியன்மாருக்குள்ள கடத்தி சைபர் மோசடி முகாமுகளில அடைச்சு வைச்சதும், இலங்கைப் பிள்ளையளைத் தூதரகம் மூலமா மீட்டுக்கொண்டு வந்ததும் எல்லாருக்கும் தெரியும். விசிற் விசாவில போய் வேலை செய்யலாம் எண்டு ஆரும் சொன்னா அங்கயே கதையை நிப்பாட்டுங்கோ. ஏஜென்சிக்கு லைசென்ஸ் இருக்கோ எண்டு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு எடுத்துக் கேக்கலாம், நம்பர் 1989. "மாமாவின்ர சிநேகிதன்தான் ஏஜென்ற்" எண்டாலும் எடுங்கோ.

6. இண்டர்வியூ

கொழும்புக்கு நேரா வரச்சொன்னா இரவு பஸ்ஸில ஏறி விடிய அஞ்சு மணிக்கு வெள்ளவத்தையில இறங்கி ஆராவது சொந்தக்காரர் வீட்டில முகம் கழுவிக்கொண்டு போறதுதான் எங்கட வழமை. ஏலுமெண்டா முதல் நாளே போங்கோ. 400 கிலோமீற்றர் இருந்து நித்திரை கொண்டு வந்த முகம் தெரியும். இப்ப கனக்க இடத்தில முதல் சுத்து ஜூமிலயோ கூகிள் மீற்றிலயோதான், அதால எத்தினை பேருக்கு பஸ் காசு மிச்சம்.

ஒன்லைன் எண்டா வீட்டு ஆக்களுக்கு முதல் நாளே சொல்லி வையுங்கோ. ஒரு பெடியனை நாங்கள் இண்டர்வியூ பண்ணிக்கொண்டிருக்க மீன்காரன்ர ஹோன் கேட்டுது, பின்னால அம்மம்மா "தம்பி, சூடை இருக்கோ கேள்" எண்டா. அவன் பதறேல்லை, "ஒரு நிமிசம் சேர்" எண்டு மைக்கை நிப்பாட்டிப்போட்டு வந்து விட்ட இடத்திலயிருந்து கதைச்சான். எங்கட பொஸ்ஸுக்கு அதுதான் பிடிச்சுது. கரண்ட் போனா ஃபோனில டாற்றா போட்டுச் சேருங்கோ, அவையின்ர நம்பர் ஒண்டைக் கையில வைச்சிருந்து உடன ஒரு மெசேஜ் போடுங்கோ. 2022ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நிப்பாட்டின காலத்திலயும் இண்டர்வியூ நடந்ததுதானே.

திரையில பதிலை வைச்சு வாசிக்கிறது எங்களுக்கு விளங்கும். கண் இடத்திலயிருந்து வலத்துக்கு ஓடி ஓடித் திரும்பும், குரலும் கோயில் நோட்டீஸ் வாசிக்கிற மாதிரி ஒரே இழுவையில போகும். இப்ப அதுக்காகவே கேள்விக்குள்ள கேள்வி போடுறனாங்கள். "கஸ்ரப்பட்டு உழைப்பன்" எண்டு சொன்னா, "எப்ப அப்பிடி உழைச்சனீர், அண்டைக்கு என்ன நடந்தது, ஆர் ஆர் நிண்டவை?" எண்டு கேப்பம். அதால நடந்த சம்பவம் மூண்டைத் தலைக்குள்ள வைச்சுக்கொண்டு வாங்கோ: ஒண்டு நீங்கள் செய்து முடிச்சது, ஒண்டு பிழைச்சது, ஒண்டு இன்னொராளோட சேர்ந்து செய்தது. அரைவாசிக் கேள்விக்கு இந்த மூண்டும் காணும்.

ஆங்கிலம் தடக்கினா தடக்கட்டும். தெரியாத கேள்விக்குத் தெரியாதெண்டு சொல்லுங்கோ, "ஆனா இப்பிடித் தேடிப் பாப்பன்" எண்டும் சேர்த்துச் சொல்லுங்கோ.

பிறகு அந்தக் கேள்வி வரும், "எவ்வளவு சம்பளம் எதிர்பாக்கிறீர்?" எங்கட பிள்ளையளில முக்கால்வாசி "நீங்கள் பாத்துத் தாறதைத் தாங்கோ சேர்" எண்டுதான் சொல்லுதுகள். அது பணிவு எண்டு வீட்டில பழக்கியிருக்கு. ஆனா பாத்துத் தாறவர் குறைச்சுத்தான் பாப்பார், நான் அந்தப் பக்கத்தில இருந்து சொல்லுறன். அதே வேலைக்கு வேற ரெண்டு இடத்தில என்ன குடுக்கினம் எண்டு விசாரிச்சுக்கொண்டு போய், "50க்கும் 60க்கும் இடையில எதிர்பாக்கிறன்" எண்டு ஒரு இலக்கத்தைச் சொல்லுங்கோ. கேட்டதுக்காக ஆரையும் வெளியில போகச் சொன்னதை நான் காணேல்லை.

7. கடுதாசி

இதிலதான் கொஞ்சம் நிண்டு கதைக்கப்போறன், ஏனெண்டா இதில நான் பட்டனான்.

என்ர முதல் வேலை ரவுணுக்குள்ள ஒரு கடையில, கணக்கெழுதுறது. அப்பாவுக்குத் தெரிஞ்ச முதலாளி, அதால அப்பொயின்ற்மென்ற் லெற்றர் எண்ட கதையே வரேல்லை, கேக்கிறது மரியாதையில்லை எண்டு அம்மாவும் சொல்லிப்போட்டா. மாசாமாசம் சம்பளத்தில ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) எண்டு எட்டு வீதம் வெட்டினவை. ரெண்டு வருசத்தால விட்டுட்டு வந்து தொழில் திணைக்களத்தில போய்க் கேட்டா என்ர பேரில ஒரு சதமும் கட்டுப்படேல்லை. வெட்டின காசு எங்க போனதெண்டு முதலாளிக்குத்தான் வெளிச்சம். முறைப்பாடு குடுத்து, திரும்பத் திரும்பப் போய், ஒண்டரை வருசத்தால வந்து சேர்ந்துது. என்னைக் காப்பாத்தினது என்ன தெரியுமோ? நான் அவையளின்ர சம்பளச் சிட்டையளை எறியாமல் ஒரு மா ரின்னுக்குள்ள போட்டு வைச்சிருந்தனான்.

அதால சேரமுதல் லெற்றரைக் கேளுங்கோ. வேலையின்ர பேர், எண்டைக்குத் தொடக்கம், பேசிக் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு, புரொபேசன் (தகுதிகாண் காலம்) எத்தினை மாசம், வேலை நேரம், லீவு, விலகுறதெண்டா எத்தினை நாள் நோட்டிஸ், எல்லாம் எழுத்தில இருக்கவேணும். கேக்கேக்க சண்டை பிடிக்கிற மாதிரிக் கேக்கத் தேவையில்லை, "பாங்கில எக்கவுண்ட் திறக்கக் கேக்கினம் சேர்" எண்டு சொன்னாலும் வேலை நடக்கும்.

இனி இலக்கங்கள். ஈபிஎஃப் உங்கட பக்கத்தால 8 வீதம், முதலாளி 12 வீதம். ஈரிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் முழுக்க முதலாளி, அதை உங்கட சம்பளத்தில வெட்டினா பிழை. சம்பளம் 40,000 எண்டு வையுங்கோ: உங்களிட்ட 3,200 வெட்டி 36,800 கைக்கு வரும், முதலாளி 4,800ம் 1,200ம் தன்ர காசில போடவேணும். "புரொபேசன் முடிய ஈபிஎஃப் கட்டுவம்" எண்டு சொல்லுறவையை நம்பாதேங்கோ, சட்டப்படி முதல் நாளிலயிருந்து கட்டவேணும். ஒரு மாசத்துக்கான காசை அடுத்த மாசக் கடைசிக்கிடையில கட்டியிருக்கவேணும், ரெண்டு மூண்டு மாசம் கழிய உங்கட மெம்பர் நம்பரைக் கேட்டு, உண்மையா ஏறியிருக்கோ எண்டு பாருங்கோ. பேசிக் சின்னதாவும் அலவன்ஸ் பெரிசாவும் போட்டிருந்தா எந்தத் தொகைக்கு ஈபிஎஃப் கட்டுப்படும் எண்டு அப்பவே கேளுங்கோ, ஓரிக் (மேலதிக நேர வேலை) கணக்கும் பேந்து கிராச்சுவிற்றியும் (விலகேக்க தாற பணிக்கொடை) அதிலதான் இடிக்கும்.

ஆகக் குறைஞ்ச சம்பளம் 2025 ஏப்ரலிலயிருந்து 27,000, 2026 ஜனவரியிலயிருந்து 30,000. அதுக்குக் கீழ "பழகுற காலம்தானே" எண்டு குடுக்கிற கடையள் இருக்கு, அதைக் கேக்கிறதுக்கும் தொழில் திணைக்களம்தான். வரி பற்றி இப்ப யோசிக்காதேங்கோ, மாசம் 150,000 வரைக்கும் ஒண்டும் வெட்டுப்படாது, அதுக்கு மேல எடுக்கேக்க எனக்கும் ஒரு ரீ வாங்கித் தாங்கோ.

கடை, ஒஃபிஸ் வேலைக்கு 1954ல வந்த சட்டப்படி ஒரு நாளைக்கு 8, கிழமைக்கு 45 மணித்தியாலம், அதுக்கு மேல செய்தா ஒண்டரை மடங்கு. லீவு முதல் வருசம் ரெண்டு மாசத்துக்கு ஒரு நாள் கஷுவல், பேந்து வருசத்துக்கு 7. அனுவல் லீவு அடுத்த வருசத்திலதான் தொடங்கும், வருசத் தொடக்கத்தில சேர்ந்தவைக்கு 14, ஒக்டோபரிலயோ அதுக்குப் பிறகோ சேர்ந்தவைக்கு 4, அதுக்கடுத்த வருசத்திலயிருந்து எல்லாருக்கும் 14. பதினைஞ்சு பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யிற இடத்தில அஞ்சு வருசம் முடிச்சா, வருசம் ஒண்டுக்கு அரை மாசச் சம்பளம்படி கிராச்சுவிற்றி.

பொண்ட் (இவ்வளவு காலத்துக்கு விலகமாட்டன் எண்ட ஒப்பந்தம்) எண்டு ஒண்டு நீட்டினா உடன சைன் வைக்காதேங்கோ. 2022ல மட்டும் 3 லட்சத்துக்கு மேல ஆக்கள் வேலைக்கெண்டு வெளிநாடு போனாப் பிறகு, ஆள் ஓடிப்போடும் எண்ட பயம் கம்பனியளுக்கு வந்திட்டுது. எத்தினை மாசம், விட்டா எவ்வளவு கட்டவேணும், அதுக்குப் பதிலா உண்மையா என்ன ரெயினிங் தருகினம் எண்டு வீட்டை கொண்டுபோய் ஆறுதலா வாசியுங்கோ. ஒரிஜினல் சேர்ட்டிபிகேற்றைக் கேட்டாக் குடுக்கவே வேண்டாம், கொப்பி குடுங்கோ.

8. உள்ளுக்கை போனாப் பிறகு

எங்கட பிள்ளையளின்ர பெரிய வருத்தம் "ஓம் சேர்". விளங்கினாலும் ஓம் சேர், விளங்காட்டியும் ஓம் சேர். மூண்டு நாளால போய்ப் பாத்தா வேலை தொடங்கவே இல்லை, ஏனெண்டு கேட்டா "விளங்கேல்லை சேர்". அண்டைக்கே கேட்டிருந்தா அஞ்சு நிமிசம். ஒண்டு செய்யுங்கோ, சொன்ன வேலையை நீங்கள் விளங்கினபடி ரெண்டு வரியில வாட்ஸ்அப்பிலயோ மெயிலிலயோ திருப்பி அனுப்புங்கோ, "நான் விளங்கினது இது, சரியோ?" எண்டு. பிறகு ஆரும் "நான் அப்பிடிச் சொல்லேல்லை" எண்டு சொல்லவும் ஏலாது.

வெளிநாட்டு ஆக்களோட வேலையெண்டா எல்லாரும் பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுவினம், நாக்கு வராது, பரவாயில்லை, ரெண்டு கிழமையில பழகும். கொழும்பு ஒஃபிஸ் எண்டா ரீ குடிக்கிற நேரத்தில கதை சிங்களத்தில போகும், கொஞ்சமெண்டாலும் படிச்சுக்கொண்டு போங்கோ, வேலைக்காக இல்லாட்டியும் தனிய இருந்து சாப்பிடாமல் இருக்க.

ரிமோட் வேலையெண்டா நேரத்தைக் கணக்குப் பாருங்கோ. ரொறன்ரோக் கம்பனியெண்டா அவைக்கு விடிய 9 மணி எங்களுக்குக் கோடையில பின்னேரம் 6.30, மாரியில 7.30. லண்டன் பரவாயில்லை, நாலரையோ அஞ்சரையோ மணித்தியாலம்தான். வெளிநாட்டு அங்கிள்மார் இஞ்ச தொடங்கிற ஒஃபிஸுகளிலயும் இதே கதைதான், "எங்கட பிள்ளை" எண்டு பாசமாக் கதைப்பினம், இரவு 11 மணிக்கும் பாசமா ஃபோன் எடுப்பினம். வேலை நேரத்தை லெற்றரில போடச்சொன்னது இதுக்கும்தான். அமேசன் மாதிரி இடங்கள் 2025 தொடக்கத்தில கிழமைக்கு அஞ்சு நாளும் ஒஃபிஸுக்கு வரச்சொல்லிட்டுது, அதால ரிமோட் எண்டு சொல்லி எடுக்கிறவை எப்பவும் ரிமோட்டோ, பிறகு கொழும்புக்கு வரச்சொல்லுவினமோ எண்டும் கேட்டு வையுங்கோ. வீட்டில இருந்து வேலை செய்தா அயல் சனம் "பாவம், பெடியனுக்கு இன்னும் வேலையில்லைப் போல" எண்டு கதைக்கும். அதுக்கு என்னட்ட மருந்தில்லை.

9. விட்டுட்டுப் போறதெண்டா

நோட்டிஸ் குடுத்து, வேலையை ஒப்படைச்சு, சேர்விஸ் லெற்றர் வாங்கிக்கொண்டு போங்கோ. சம்பளம் எடுத்த அண்டைக்குப் பின்னேரமே ஃபோனை நிப்பாட்டிப்போட்டு மறையிற பிள்ளையள் இருக்கினம். இது சின்ன ஊர், உங்கட புது இடத்து மனேஜரும் நானும் நல்லூர்த் திருவிழாவில ஒரே ஐஸ்கிரீம் கடை வரிசையில நிப்பம்.

சித்தியின்ர மகன் சிவியை ஒரு பக்கத்துக்குச் சுருக்கி, சுன்னாகத்து விலாசத்தை வெட்டிப்போட்டு, 12 இடத்துக்குத் திரும்ப அனுப்பினான். நேற்றுப் பின்னேரம் எடுத்தான், கொக்குவிலில ஒரு இடத்தில எடுத்திட்டினமாம், 45,000. "லெற்றர்?" எண்டு கேட்டன். தந்தவையாம், சித்தி அதை வாங்கிச் சாமியறையில வைச்சுக் கும்பிட்டுப்போட்டுக் காணி உறுதியளோட ரங்குப் பெட்டிக்குள்ள வைச்சுப் பூட்டியிட்டாவாம். ஃபோட்டோக் கொப்பி எடுத்தனியோ எண்டு கேட்டன். இல்லையாம். திறப்பு சித்தியின்ர தாலிக்கொடியிலயாம், அவ இப்ப கோயிலுக்குப் போயிட்டாவாம்.